பெரிய துப்பாக்கியின் உதையைத் தாங்க உடம்பில் பலம் வேண்டுமா?

வாசகர் கேள்வி, 09.06.2024

மாமனார் தவறிய பிறகு அவருடைய பன்னிரண்டு போர் (குழல் அளவு) ரெட்டைக்குழல் துப்பாக்கி என் பெயருக்கு மாறி வந்திருக்கிறது. நான் பொள்ளாச்சிக்காரன். பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் அவர் விட்டுப்போன தோப்பும் இனி என் பொறுப்பு. பஞ்சாயத்து உத்தரவு கொடுத்தால் பன்றி சுட வேண்டியிருக்கும். அதனால் ரைபிள் கிளப்பில் ஆறு தோட்டா போட்டுப் பார்த்தேன். மூன்றாவதிலேயே தோள் கன்னிப்போய்விட்டது. ஆறாவதை எங்கே சுட்டேன் என்றே தெரியவில்லை. என் தம்பி ஜிம்முக்குப் போகிறவன். அவன் அசையாமல் நின்று சுட்டான். உடம்பில் பலம் இருந்தால் உதையே தெரியாது என்கிறான். அறுபது கிலோ ஆளுக்கு இது சரிப்படாதா? ரைபிளுக்கு மாறினால் இன்னும் மோசமாக உதைக்குமா?

09.06.2024, இரவு

தம்பி சொல்வதை நம்பாதீர்கள். நான் முதலமடையில் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். லைசன்ஸ் வாங்கி 31 வருடம் ஆகிறது. 2022 மே மாதம் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர்களுக்குக் கொடுத்தபோது எங்கள் ஊர்ப் பட்டியலில் என் பெயரும் சேர்ந்தது. இத்தனை வருடத்தில் உதைக்கு அதிகம் மிரண்டவர்களாக நான் பார்த்தது வாட்டசாட்டமான ஆட்களைத்தான். பெரிய உடம்பு சுவர் மாதிரி நிற்கும், வருவதை முழுசாக அந்த இடத்திலேயே வாங்கும். ஒல்லி ஆள் ஒரு சாண் பின்னால் போய் வருவார், அடி உடம்பெல்லாம் பரவிவிடும். காற்றில் தென்னை நிற்கிற மாதிரி நிற்க வேண்டும். வேர் அசையாது, மரம் கொடுத்து வாங்கும்.

இடது கால் முன்னால். பாதிக்கு மேல் எடை அந்தக் காலில். புதிதாகச் சுடுகிறவர்கள் துப்பாக்கியின் கனத்துக்கு ஈடாகப் பின்னால் சாய்ந்து நிற்பார்கள். அப்படி நின்றால் உதை ஆளையே நகர்த்தி வைக்கும். வலது முழங்கையைக் கொஞ்சம் தூக்குங்கள். காறை எலும்புக்குக் கீழே, தோள்மூட்டுக்கு உள்பக்கமாக ஒரு குழி விழும். துப்பாக்கியின் பின்பக்கக் கட்டை அந்தத் தோள்குழியில்தான் உட்கார வேண்டும். கன்னிப்போனது எந்த இடம் என்று பாருங்கள். புஜத்தில் என்றால் கட்டை வெளியே நழுவியிருக்கிறது. காறை எலும்பின் மேல் என்றால் மேலே ஏறியிருக்கிறது. கன்னம் கட்டையோடு ஒட்டியிருக்கட்டும், இடைவெளி விட்டால் கட்டை வந்து அறையும்.

நன்றாக இறுக்கிப் பிடியுங்கள். தோளில் ஒரு தோர்த்துத் துண்டை நாலாக மடித்து வைத்துக்கொண்டால் வலி பாதியாகும். ரைபிள் பற்றிய கேள்விக்கு நாளை கணக்குப் போட்டு எழுதுகிறேன்.

10.06.2024, காலை

நியூட்டன் கணக்குதான். குண்டு முன்னால் எவ்வளவு உந்தத்தோடு போகிறதோ அவ்வளவு உந்தம் துப்பாக்கிக்குப் பின்னால் வரும். என்னிடம் இருப்பது .30-06 ரைபிள். குண்டு 11.7 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 820 மீட்டர். எடையைக் கிலோவாக்கி வேகத்தால் பெருக்கினால் உந்தம் 9.6. ரைபிளின் எடை 3.6 கிலோ. ஆக ரைபிள் நொடிக்கு 2.7 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். அதன் ஆற்றல் 13 ஜூல். உங்கள் பன்னிரண்டு போருக்கு 32 கிராம் சில்லு (சிறு ஈயக் குண்டுகள்), 370 மீட்டர் வேகம், 3.1 கிலோ துப்பாக்கி என்று வைத்தால் 3.8 மீட்டர் வேகம், 23 ஜூல். அதாவது உங்கள் கையில் இருப்பதுதான் அதிகமாக உதைக்கிறது. ரைபிள் என்றாலே பெரிய உதை என்று நம் ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. அது எல்லா ரைபிளுக்கும் பொருந்தாது.

10.06.2024, மதியம்

காலையில் போட்ட கணக்கு தப்பு. மகள் பொறியியல் படிக்கிறாள். நான் எழுதிய தாளைப் பார்த்துவிட்டு, "அப்பா, மருந்து எங்க போச்சு?" என்றாள்.

சரியான கேள்வி. தோட்டாவில் இருக்கிற வெடிமருந்து எரிந்து மாயமாகிவிடுவதில்லை. அது வாயுவாக மாறி, குழல் வாயிலிருந்து குண்டைவிட வேகமாகப் பீறிட்டு வெளியே போகிறது. .30-06 தோட்டாவில் சுமார் 3.6 கிராம் மருந்து. வாயு நொடிக்கு 1,200 மீட்டர் என்று கொண்டால் இன்னொரு 4.3 சேரும். மொத்தம் 14. ரைபிளின் வேகம் 3.9 மீட்டர், ஆற்றல் 27 ஜூல். காலையில் நான் சொன்னதைப் போல் இரண்டு மடங்கு. வேகம் பாதியளவு கூடினால் ஆற்றல் இரட்டிக்கிறது, வேகத்தின் வர்க்கம் அல்லவா. பன்னிரண்டு போரிலும் மருந்தையும், சில்லுக்குப் பின்னால் இருக்கும் வாட் என்கிற அடைப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய 5 மீட்டர் வேகம், 38 ஜூல் வருகிறது.

வரிசை மாறவில்லை. உங்களுடையதுதான் அதிகம்.

ஒன்று கவனியுங்கள். என் ரைபிள் 3.6 கிலோவுக்குப் பதில் 4.2 கிலோ இருந்தால் உதை 23 ஜூலாகக் குறையும். வேறெதுவும் மாற்ற வேண்டாம். தூக்கிக்கொண்டு நடக்கும்போது கனமான துப்பாக்கியைத் திட்டுவோம், சுடும்போது அதுவே காப்பாற்றும். ஆப்பிரிக்காவில் யானைக்கும் காட்டெருமைக்கும் கொண்டுபோகும் .375 ரைபிள் நாலு கிலோவுக்கு மேல் இருந்தும் 50 ஜூல் உதைக்கும். அதை மூன்று கிலோவில் செய்தால் யாரும் இரண்டாவது தோட்டா போட மாட்டார்கள்.

12.06.2024

"நன்றாக இறுக்கிப் பிடியுங்கள்" என்று ஒன்பதாம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். எங்கள் பட்டியலில் இன்னொருவர் பட்டாளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்த மலையாளி. நான் சேட்டா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் இதைச் சொன்னேன். தலையை ஆட்டினார். எஸ்.எல்.ஆர். ரைபிள் பழக்கும்போது முதலில் அடித்துத் திருத்துகிற தப்பே இதுதானாம். இறுக்கினால் கை நடுங்கும், கழுத்து விறைக்கும், விறைத்த உடம்பு அடியைத் தெறிக்கவிடாமல் வாங்கும்.

இறுக்கம் வேண்டிய இடம் ஒன்றுதான். கட்டைக்கும் தோளுக்கும் நடுவே காற்றுகூடப் புகக் கூடாது. இடைவெளி இருந்தால் கட்டை அந்த இடைவெளியில் வேகம் எடுத்துச் சுத்தியல் மாதிரி வந்து விழும். ஒட்டியிருந்தால் அது தள்ளு மட்டும்தான். முன்கை துப்பாக்கியைத் தோளுக்குள் இழுத்துக்கொள்ளட்டும். பின்கை மேழி பிடிக்கிற அளவுக்குப் பிடித்தால் போதும். விட்டால் ஏர் தப்பிவிடும், இறுக்கினால் கை கொப்பளிக்கும், இரண்டுக்கும் நடுவில். ஏர் ஓட்டியிராத தலைமுறைக்கு இதை எப்படிச் சொல்வது என்று சேட்டனிடம் கேட்டேன். பைக் ஹேண்டில்பார் என்றார்.

15.06.2024

தோளைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று நாளாக இது மனதை அரிக்கிறது. தோள் இரண்டு நாளில் ஆறிவிடும். உங்கள் கேள்வியில் எனக்கு உறைத்த வரி, "ஆறாவதை எங்கே சுட்டேன் என்றே தெரியவில்லை" என்பதுதான். இதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் எழுதாமல் விட முடியவில்லை.

என்னிடம் முன்பு மூன்று துப்பாக்கி இருந்தது. அப்பாருடைய ரெட்டைக்குழல், ஒரு .315 ரைபிள், பிறகு நான் ஆசைப்பட்டு வாங்கிய .30-06. 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி ஒருவருக்கு இரண்டுதான் என்று ஆக்கினார்கள். ஒன்றை விட வேண்டும். .315ஐ விட்டேன். வேகம் குறைவு, பழைய சரக்கு, பலம் பத்தாது என்று நினைத்தேன். இருபது வருடம் தப்பாமல் சுட்ட துப்பாக்கி அது, எனக்கு மெதுவாகத்தான் உதைக்கும். கையில் பழகியதை விட்டுவிட்டுப் பலத்தை வைத்துக்கொண்டேன்.

2021இல் ஒருநாள் கிளப்பில் மேஜையில் மணல்மூட்டை மேல் ரைபிளை வைத்து உட்கார்ந்து ஒரே மூச்சில் இருபது தோட்டா சுட்டேன். ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) சரிபார்க்கப் போனவன், நிறுத்தாமல் சுட்டுக்கொண்டே இருந்தேன். மெல்லிய பனியன் மட்டும்தான் மேலே. மேஜையில் குனிந்து உட்கார்ந்தால் உடம்பு பின்னால் போக வழி கிடையாது, நின்று சுடும்போது பரவிப்போகிற உதை முழுசாகத் தோளிலேயே இறங்கும். பதினைந்துக்கு மேல் ஒவ்வொரு தோட்டாவுக்கும் உள்ளே ஏதோ சுருங்கியது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஒத்துக்கொள்ளவில்லை.

2022 நவம்பரில் பஞ்சாயத்து உத்தரவு வந்தது. சுள்ளியாறு அணைப் பக்கம் மரவள்ளித் தோட்டம். ராத்திரி பதினொன்றரைக்குக் கூட்டம் இறங்கியது. அறுபது மீட்டர், டார்ச் வெளிச்சம், பெரிய ஆண் பன்றி பக்கவாட்டில் நிற்கிறது. அதைவிட சுலபமான குறி கிடையாது. ட்ரிகரைத் தொட்டபோது கண் மூடியதும் தோள் முன்னால் குத்தியதும் எனக்கே தெரிந்தது. வெடிச்சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. குண்டு கீழே இறங்கி முன்னங்காலை ஒடித்தது.

ராத்திரி முழுக்கத் தேடினோம். காயம்பட்ட பன்றியை இருட்டில் புதரில் தேடுவது எவ்வளவு ஆபத்து என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் பகல் ஒரு மணிக்கு ஓடைக்கரையில் கண்டோம். உயிர் இருந்தது. மூச்சு விடுகிற சத்தம் இருபது அடிக்கு முன்னாலேயே கேட்டது. சேட்டன்தான் முடித்தார். என்னால் துப்பாக்கியைத் தூக்க முடியவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்கும்போது யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பதின்மூன்றரை மணி நேரம் அது அப்படிக் கிடந்தது. என் தோளுக்கு வலிக்குமோ என்று நான் பயந்ததால் கிடந்தது.

16.06.2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நண்பர், உதைத்ததால்தானே குறி தப்பியது, அப்படியானால் தோளைப் பலப்படுத்துவதுதானே வழி என்று கேட்கிறார். உதை குறியைக் கெடுப்பதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

மருந்து பற்றியதிலிருந்து குண்டு குழலை விட்டு வெளியேற ஒன்றிரண்டு மில்லிசெகண்டு ஆகும். அதற்குள் துப்பாக்கி பின்னால் நகர்ந்திருப்பது சில மில்லிமீட்டர்தான். மனித உடம்பு ஒரு சத்தத்துக்கோ தொடுதலுக்கோ பதில் சொல்ல நூறு மில்லிசெகண்டுக்கு மேல் வேண்டும். ஆகவே வெடித்த பிறகு நீங்கள் எவ்வளவு துள்ளினாலும் குண்டுக்குத் தெரியாது, அது எப்போதோ போய்விட்டது. கெடுப்பது வெடிக்கு முன்னால் வருகிற பதற்றம். சாட்டை விழும் முன்னே முதுகைச் சுருக்குகிற மாட்டைப் பார்த்திருப்பீர்கள். அடி படவில்லை, அடி வருகிற நேரம் அதற்குப் பழகிவிட்டது. ட்ரிகர் விரல் அழுத்துகிற அந்த நேரம் நம் உடம்புக்கும் பழகிவிடுகிறது. கண் மூடும், தோள் முன்னே தள்ளும், குழல்வாய் தாழும். குழல் அரை டிகிரி சாய்ந்தால் அறுபது மீட்டரில் குண்டு அரை மீட்டர் கீழே போகும். பன்றியின் நெஞ்சுக்கும் முன்னங்காலுக்கும் இடையே உள்ள தூரம் அதற்கும் குறைவு.

பலத்தால் இதை அடக்க முடியாது. பலசாலி இன்னும் பலமாகத் தள்ளுவான்.

23.06.2024

நான் மீண்டு வந்த வழி. வேகமான வழி எதையும் நான் காணவில்லை.

முதல் மூன்று மாதம் .30-06ஐத் தொடவே இல்லை. கிளப்பின் .22 ரைபிளில் மட்டும் சுட்டேன், என்.சி.சி.யில் பலரும் சுட்டிருப்பீர்களே, அதே ரகம். அதன் உதை ஒரு ஜூலில் கால்பங்குகூட இல்லை. உடம்புக்குப் பயம் மறக்க வேண்டும், அதற்கு வலியில்லாத நூறு வெடி வேண்டும்.

பிறகு காலித் தோட்டாப் பயிற்சி. இதற்கு இன்னொரு ஆள் தேவை. என் மனைவி உட்கார்ந்தாள். துப்பாக்கியை அவள் வாங்கித் திரும்பி நின்று சில சமயம் உயிர்த் தோட்டா, சில சமயம் வெடித்துப்போன கேஸ் (தோட்டாவின் வெறும் கூடு) போட்டுத் தருவாள். எது உள்ளே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. காலி கேஸில் சுத்தியல் "டக்" என்று விழும்போது குழல்வாய் அசையாமல் நின்றால் சரி. முதல் நாள் பத்தில் ஆறு காலி. ஆறிலும் குழல் மண்ணைப் பார்த்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டில் கோடு மட்டும் போட்டாள். ஆறு வாரத்தில் ஆறு இரண்டானது. நாலு மாதத்தில் பூஜ்யம்.

நமக்குத் தோட்டா அளந்துதான் கிடைக்கும், விலையும் அதிகம். அதனாலேயே இந்தப் பயிற்சி நம் ஊருக்குத் தோதானது, பத்துக்கு மூன்று உயிர்த் தோட்டா போதும். இரண்டு எச்சரிக்கை. பயிற்சி கிளப்பில்தான், தோப்பில் வேண்டாம். பழைய ரெட்டைக்குழலில் உள்ளே ஒன்றும் போடாமல் ட்ரிகரை இழுக்காதீர்கள், தோட்டாவைத் தட்டுகிற ஊசி உடைந்துவிடும். வெடித்த கேஸாவது உள்ளே இருக்க வேண்டும்.

02.07.2024

தோர்த்து யோசனையையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வாசகர் அதை முயன்று பார்த்து, இரண்டாவது வெடியில் துணி நழுவிக் கட்டை புஜத்துக்குப் போய்விட்டது என்று எழுதியிருக்கிறார். மன்னியுங்கள். அப்பாரு சாக்கை மடித்து வைத்துச் சுடுவார், அதைப் பார்த்த பழக்கத்தில் எழுதிவிட்டேன். அவர் சாக்கைச் சட்டைக்குள் தைத்து வைத்திருந்தார் என்று அத்தை இப்போதுதான் ஞாபகப்படுத்தினார்.

குளிர்தேசத்தில் வேட்டைக்குப் போகிறவர்கள் தடிமனான கோட்டு போட்டிருப்பார்கள், அதுவே மெத்தை. நாம் பனியனோடும் லுங்கியோடும் நிற்கிறோம். எனவே மெத்தை துப்பாக்கியில்தான் இருக்க வேண்டும். பழைய துப்பாக்கிகளின் கட்டை அடியில் இரும்புத் தகடோ எபனைட் என்கிற கெட்டி ரப்பரோ இருக்கும். நல்ல ரப்பர் பேடு போட்டால் அதே உதை அதிக நேரத்தில், அதிக இடத்தில் பரவும். மொத்தம் குறையாது, கூர்மை குறையும். ஊரில் ஹவாய் செருப்பு ரப்பரை வெட்டி ஒட்டிக்கொண்ட ஒருவரைத் தெரியும். அவருடையது ஒரு வருடம் நன்றாகவே இருந்தது, பிறகு வெயிலில் பொடிந்தது.

நான் ஒன்றரை அங்குல பேடு ஒட்டிவிட்டு ஏன் இன்னும் மோசமாக இருக்கிறது என்று தவித்தேன். கட்டை நீண்டுவிட்டது. தோளுக்குத் தூக்கும்போது அக்குளில் மாட்டியது, கன்னம் எட்டவில்லை. பேடின் தடிமனுக்கு மரத்தைக் குறைக்க வேண்டும். முழங்கையை மடித்து, மடிப்பிலிருந்து ட்ரிகர் விரல் வரை அளந்தால் உங்கள் கட்டையின் நீளம் தோராயமாகத் தெரியும். உங்கள் மாமனார் என்ன உயரம்? உங்களைவிட உயரம் என்றால் தோளும் கன்னமும் படுகிற பாட்டுக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

05.07.2024

மாமனார் ஆறடி, வாசகர் ஐந்தே கால். ஆசாரியிடம் கொண்டுபோகச் சொல்லிவிட்டேன்.

14.07.2024

மழை. தோப்பில் வேலை இல்லை, கொஞ்சம் பழங்கதை.

அப்பாருடைய காலத்தில் கேப் (வெடிக்கும் பொட்டு) வைத்துச் சுடுகிற, குழல்வாய் வழியாக மருந்து போடும் துப்பாக்கி. மருந்து அளக்கக் கொட்டாங்குச்சித் துண்டு ஒன்று. ஒருமுறை கேப் நமத்துப்போய் வெடிக்கவில்லை. அவசரத்தில், உள்ளே ஏற்கெனவே இருப்பதை மறந்து இன்னொரு தரம் மருந்தும் ரவையும் போட்டுவிட்டார். அடுத்தது வெடித்தபோது ஆள் வரப்பைத் தாண்டி விழுந்தாராம். வலது கை தூக்க ஒரு மாதம் ஆனதாம்.

ஆங்கிலேய வேட்டைக்காரர் ஃப்ரெடெரிக் செலூஸுக்கும் இதே நடந்திருக்கிறது. 1871இல், பத்தொன்பது வயதில் தென்னாப்பிரிக்காவுக்குப் போனவர். யானைக்கு அவர் வைத்திருந்தது நாலு போர். போர் என்றால் என்ன கணக்கு என்று பலர் கேட்கிறீர்கள். ஒரு பவுண்டு ஈயத்தை இத்தனை சம உருண்டையாக ஆக்கினால் ஓர் உருண்டை குழலுக்குச் சரியாக இருக்கும் என்பதே அந்த எண். நம்முடையது பன்னிரண்டு. அவருடையது நாலு, அதாவது ஒரு குண்டே கால் பவுண்டு. அதிலும் ஒரு தடவை உதவியாளர் தெரியாமல் இரண்டு தரம் மருந்து போட்டுவிட, ஆள் மண்ணில் குப்புற விழுந்தார், துப்பாக்கி தோளுக்கு மேலே பறந்து பின்னால் போனது. பிற்காலத்தில் அவர் வருத்தப்பட்டது விழுந்த அடிக்காக இல்லை. அந்தப் பெருந்துப்பாக்கிகள் தன் நரம்பைக் கெடுத்துவிட்டன, அதன் பாதிப்பு பிறகு தன் குறியில் தெரிந்தது என்று வருந்தினார். அதைப் படித்தபோது என் மணல்மூட்டை நாள் ஞாபகம் வந்தது.

அவருக்குப் பின் வந்த ஸ்காட்லாந்துக்காரர் பெல் நேர் எதிர். ஆயிரத்துக்கு மேல் யானை, பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் சிறு ரைபிளில். அத்தனை யானையைக் கொன்றதை நினைத்தால் இன்று மனம் ஒப்பவில்லை. ஆனால் அவர் கையாண்ட முறையில் எனக்குப் பாடம் இருக்கிறது. உதை குறைவான துப்பாக்கியை எடுத்து, மிருகத்தின் உடலமைப்பைப் படித்து, குண்டு போக வேண்டிய இடத்தில் வைத்தார்.

21.07.2024

காதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. உதைக்குப் பயப்படுகிறோம் என்று நினைப்பதில் பாதி, சத்தத்துக்குப் பயப்படுவது. பன்னிரண்டு போரும் ரைபிளும் 140 டெசிபெல்லைத் தாண்டும். அந்த அளவில் ஒரே வெடி கூடக் காதுக்குள் இருக்கிற நுண்மயிரை நிரந்தரமாகக் கெடுக்கலாம். வலது தோளில் சுடுகிறவனுக்கு இடது காது குழல்வாய்ப் பக்கம் இருக்கும், அதுதான் முதலில் போகும். எனக்கு இடது காதில் இராப்பகலாகச் சில்வண்டு கத்துகிறது. பஞ்சு எதற்கும் உதவாது. ஃபோம் அடைப்பான் இருபது ரூபாய்தான். அதைப் போட்டுக்கொண்டு சுட்ட முதல் நாள், துப்பாக்கியே மாறிவிட்ட மாதிரி இருந்தது.

குழல்வாயில் பிரேக் பொருத்தினால் உதை நன்றாகக் குறையும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குறையும். வாயுவைப் பக்கவாட்டில் திருப்புவதுதான் அதன் வேலை, எனவே சத்தம் உங்கள் காதுக்கும் பக்கத்தில் நிற்பவர் காதுக்கும் திரும்பும். ராத்திரி டார்ச் பிடிக்கிற பையன் தோளுக்கு அருகே நிற்கிறான். அவனை நினைத்து நான் போடவில்லை.

28.07.2024

ஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு. என் மச்சினன் சரிவில் படுத்துக்கொண்டு மேட்டைப் பார்த்துச் சுட்டான். அப்படிப் படுக்கும்போது முகம் தானாகவே முன்னால் ஊர்ந்துவிடும். ஸ்கோப்பின் விளிம்பு புருவத்துக்கு மேலே வெட்டியது, நாலு தையல். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் ஒன்பது, பத்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும். நிற்கும்போது அளந்தது படுக்கும்போது பொருந்தாது, எந்த நிலையில் சுடுவீர்களோ அந்த நிலையில் அளக்க வேண்டும். தையலைப் பார்த்த அவன் ஆத்தா, "மூணாம்பிறை நெத்தியிலயே உதிச்சிருச்சு, இனிக் காலண்டர் எதுக்குடா" என்றார். அவனும் சிரித்தான். தையல் போட்ட இடம் இழுத்ததால் உடனே நிறுத்திக்கொண்டான்.

30.07.2024

அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது, சுடலாமா என்று ஒருவர் கேட்கிறார். பேஸ்மேக்கர் காறை எலும்புக்குக் கீழேதான் இருக்கும், கட்டை உட்காரும் அதே இடம். அது வைத்த பக்கத்தில் கட்டையை வைக்கவே கூடாது. கம்பி அறுந்தவர்கள் இருக்கிறார்கள். மறுபக்கமாகச் சுடுவதையும் இதய மருத்துவரைக் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். கண்ணில் விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்களும் அப்படியே.

18.08.2024

"மிருகம் முன்னால் நின்றால் உதை தெரியவே தெரியாது" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். உண்மை. அந்த நவம்பர் ராத்திரி எனக்கும் தோளில் ஒன்றுமே தெரியவில்லை. ஆனாலும் கண் மூடியது. வலி தெரியாமல் போவதால் பதற்றமும் இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு என்னைக் காலித் தோட்டா மட்டும்தான் காட்டிக்கொடுத்திருக்கும். என் உள்ளே இருந்ததோ உயிர்த் தோட்டா.

22.09.2024

வாசகரும் தம்பியும் நேற்று கோவிந்தாபுரம் வழியாக வந்தார்கள். ஆசாரி கட்டையைக் குறைத்துப் பேடு போட்டுக் கொடுத்திருந்தார். துப்பாக்கி அவருக்கு இப்போது அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி உட்காருகிறது. பெரிய ரவை போட்ட கனமான எல்.ஜி. தோட்டாவைப் பயிற்சிக்கு விட்டுவிட்டு லேசான சில்லுத் தோட்டாவில் இரண்டு மாதமாகப் பழகியிருக்கிறார். கிளப்பில் நான் பத்து போட்டுக் கொடுத்தேன், ஏழு காலி. ஏழில் ஒன்றில்தான் குழல் தாழ்ந்தது. தோளில் ஒரு சிவப்புகூட இல்லை.

பிறகு தம்பி வாங்கினார். நல்ல பிள்ளை, "எனக்கு எதுக்குங்ண்ணா" என்று கேட்டாரே தவிர மறுக்கவில்லை. முதல் இரண்டும் உயிர்த் தோட்டா. கல்தூண் மாதிரி நின்றார், யார் பார்த்தாலும் அசையவில்லை என்றுதான் சொல்வார்கள். மூன்றாவது காலி. "டக்" என்றது. குழல்வாய் ஒரு முழம் கீழே குத்தி நின்றது, கண் இரண்டும் மூடியிருந்தது. அவர் கண்ணைத் திறந்து குழலைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். "இது எத்தனை நாளா இருந்திருக்கும்?" என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு ஒன்றரை வருடம் இருந்தது என்றேன்.

அடுத்த ஞாயிறு மறுபடி வருகிறார். .22 ரைபிளுக்குக் கிளப்பில் சொல்லி வைத்துவிட்டேன். வெடித்த கேஸ் பத்து துடைத்து டப்பாவில் போட்டிருக்கிறேன்.